படித் திருப்பத்தில் கண்ணாடி

"வலிக்குதா?"

"இல்லையே. இப்ப நல்லாத்தான் இருக்கு."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தார் பிசியோ அம்மா.

அந்தப் பேச்சு நடந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஆனாலும் கண்ணாடி தூக்கும் வேலைக்குக் கிளம்பிக் கையுறையை மாட்டும்போதெல்லாம் அவளுக்கு அது புதிதாகக் கேட்டது.

அன்று பிசியோ அம்மா அவளும் கணவனும் நடத்தும் கண்ணாடிக் கடைக்கு வந்தது வேறு காரியமாக. தம் பிசியோதெரபி சிகிச்சை நிலையத்துக்கு மேல்மாடியில் ஒரு அறை எடுத்திருந்தார். பயிற்சி செய்கிறவர்கள் தங்கள் உடம்பு எங்கே கோணுகிறது என்று தாங்களே பார்த்துக்கொள்ள, ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய நிலைக்கண்ணாடி வேண்டும் என்றார். அளவு நாடா மேல் தட்டில் இருந்தது. எடுக்கப் போனவளின் வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. இடுப்பை ஒருபுறம் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றி, எப்படியோ எட்டிப் பிடித்தாள். கடைக்கு வந்துபோகிற யார் கண்ணிலும் படாத அந்தச் சாய்மானம் அவர் கண்ணில் பட்டது.

"கையைப் பக்கவாட்டுல தூக்குங்கம்மா. இப்ப மெதுவா இறக்குங்க."

பாதி தூரம் ஒழுங்காக இறங்கிய கை, அதற்குமேல் சொன்ன பேச்சு கேட்காமல் தொப்பென்று விழுந்தது. அவள் சிரித்துச் சமாளித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"என்ன போட்டு ஓட்டிட்டிருக்கீங்க?"

"வலி ஸ்ப்ரேதான். கனமான வேலைன்னா ஒரு மாத்திரை."

"வலிங்கிறது வாட்ச்மேன். நீங்க அவனுக்குத் தூக்க மாத்திரை குடுத்துட்டு, வீட்டுல திருடனே இல்லைன்னு சந்தோஷப்பட்டுட்டிருக்கீங்க." தோள்மூட்டை இழுத்துப் பிடித்திருக்கும் தசைநார் ஒன்று நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருக்கிறது என்றார். "இன்னும் அறுந்துடல. வெட்டித் தைக்கிற நிலைமையும் வரல. நீங்களா வரவச்சுக்காதீங்க. கொஞ்ச மாசம் கனம் தூக்கவேண்டாம். முக்கியமா, தோளுக்கு மேல எதையும் தூக்கவே கூடாது. நான் சொல்ற பயிற்சியைப் பண்ணுங்க. நூத்துல எம்பது பேருக்கு இப்படியே சரியாகும்."

குனிந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொல்லிக்கொடுத்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார். படுக்கும்போது கைக்கு அடியில் தலையணை. கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "என் கண்ணாடியை யார் தூக்கிட்டு வருவாங்க?"

"அவரும் என் கொழுந்தனும்" என்று கண் இமைக்காமல் பொய் சொன்னாள்.

பயிற்சியைச் செய்யாமல் இல்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டுக் கையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு நேரே போய்க் கண்ணாடி தூக்கினாள். ஒரு பக்கம் தைத்துக்கொண்டே மறுபக்கம் பிரித்துக்கொண்டிருந்தால் துணி எத்தனை நாள் தாங்கும்?

கணவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை.

அவர்கள் வீட்டில் கண்ணாடி தூக்குவதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கொரு முனை, ஆளுக்கொரு பக்கம். நடுவில் கண்ணாடி. தூக்கியபிறகு படி, திருப்பம், சுவர் என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. சேரவேண்டிய சுவரைச் சேர்ந்தபிறகுதான் 'இறக்கு' என்ற சொல் வரும். நடுவழியில் அதைச் சொன்னவர் அந்த வீட்டில் யாரும் இல்லை. புதுப்பெண்ணாக வந்தவள் நானும் தூக்குகிறேன் என்று நின்றபோது மாமனார், "நடுவழியில இறக்குன்னு சொல்லிட்டா அப்புறம் கல்லாவுலதான் உக்காரணும், தெரியுமா?" என்றார். அவள் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. கணவன் அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான். அவளுக்கு 'மேஸ்திரி' என்று பெயரும் வைத்தான்.

பெருமைகூட ஒரு பக்கம் கிடக்கட்டும். தூக்கிக்கொண்டு நடக்கும்போது கண்ணாடிக்கு அந்தப்புறம் அவன் முகம் தெரியும். வியர்வை வழிய, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, அவள் காலடியையே பார்த்துக்கொண்டு வருவான். வீட்டில் எத்தனை சண்டை இருந்தாலும் அந்த நேரத்தில் அவன் உயிர் அவள் கையிலும் அவள் உயிர் அவன் கையிலும் இருக்கும். அந்த இடத்தில் கொழுந்தன் போய் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனவே மறைத்தாள். கையைத் தூக்கிப் பின்ன முடியாததால் கூந்தலைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். "அட, நம்ம மேஸ்திரி காலேஜ் பொண்ணாயிட்டாங்களே" என்று அவன் சொக்கிப்போனான். ஸ்ப்ரே வாசனைக்கும் அவனிடம் ஒரு கேலி இருந்தது. "யாரோ ஃபுட்பால் ஆடிட்டு வந்து நம்ம கட்டில்ல படுத்த மாதிரி இருக்கு." அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்கும்போது தோளுக்குள் ஏதோ நறநறவென்றது.

பிசியோ அம்மாவின் மாடி அறையில் சுவர் ஈரம் காய்ந்து, வெள்ளையடித்து முடித்தாயிற்று என்று தகவல் வந்தது. புறப்படவேண்டிய அன்று காலை, காபி டம்ளர் அவள் கையிலிருந்து விழுந்தது. வழுக்கவில்லை. இடிக்கவில்லை. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. யாரோ அடுத்த வீட்டுக்காரியின் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் தரையைத் துடைத்துவிட்டாள்.

"கனம் ஜாஸ்தி, மேஸ்திரி. தம்பியை வரச் சொல்லட்டுமா?" என்றான் அவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

எத்தனை நாளாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்று சொன்னால் போதும்.

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றாள்.

"அம்மா தாயே, நான் ஒண்ணும் கேக்கல."

மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ஸ்ப்ரேயை இரண்டு மடங்காக அடித்தாள். தோள் மரத்துப்போனது. வண்டியில் போகும்போது அவள் மனமும் அப்படித்தான் இருந்தது.

சிகிச்சை நிலையம் மூடியிருந்தது. பிசியோ அம்மா சாப்பிடப் போயிருந்தார். மாடிச் சாவி கீழே மருந்துக் கடையில் இருந்தது. அவர் வந்தபிறகு ஏற்றலாமே என்று அவன் சொன்னபோது, "வெயில்ல கண்ணாடியை வச்சுக்கிட்டு நிக்கிறதா?" என்று அவசரப்படுத்தியவளும் அவள்தான். அவர் கண்ணில் படாமல் வேலை முடிந்துவிட வேண்டும்.

படிக்கட்டு குறுகல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்புக் கைப்பிடி. அவள் மேலே, பின்புறமாக ஏறினாள். அவன் கீழே, முழுக்கனத்தையும் தாங்கியபடி. கைப்பிடியும் சுவரும் நெருக்கியதில் அவனுக்கு விலகி நிற்க இடமே இல்லை. கண்ணாடி போனால் போகட்டும், கையை எடுத்துக்கொண்டு விலகு என்பது தொழிலின் முதல் பாடம். இந்தப் படிக்கட்டில் அந்தப் பாடம் செல்லாது. இங்கே நழுவினால் அது நேரே அவன் கழுத்துக்குத்தான் போகும். இது அவளுக்கு முதல் படியிலேயே தெரிந்துவிட்டது.

"படி" என்றான் கீழேயிருந்து. "படி."

வழக்கமான கண்ணாடியாக இருந்தால் அவன் முகம் தெரிந்திருக்கும். இது நிலைக்கண்ணாடி. அவன் பக்கம் சாம்பல் பூச்சு; அவள் பக்கம் அவளே. கழுத்தளவு கூந்தலும் வெளுத்த உதடுமாக ஒருத்தி எதிரே ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கே கோணுகிறது என்று பார்க்கத்தானே இந்தக் கண்ணாடியையே கேட்டார் அந்த அம்மா. இவ்வளவு கோணலையா இத்தனை நாள் மறைத்துவிட்டதாக நினைத்தோம்?

"என்ன மேஸ்திரி, உன் பக்கம் சாயுது. கை மாத்திப் பிடிச்சிருக்கியா?"

மாற்றித்தான் பிடித்திருந்தாள். வலது கையால் ஏந்தவேண்டிய இடத்தில் இடது கை. சாம்பல் பூச்சுக்கு அந்தப்புறம் இருப்பவனுக்கு அது தெரிய வழியில்லை.

"இல்லையே. நீங்க படியைப் பாருங்க."

"படி... படி... திருப்பம்."

படிக்கட்டு திரும்பும் இடத்தில் சதுரமாக ஒரு சின்னத் தளம் இருந்தது. அவள் அதில் ஏறி நின்றாள். கண்ணாடி திரும்பாது. இரும்புக் கைப்பிடி குறுக்கே நின்றது. ஒரே வழிதான் இருந்தது. கைப்பிடிக்கு மேலாகக் கண்ணாடியைத் தூக்கி, தலைக்கு மேல் கொண்டுபோய்த் திருப்ப வேண்டும். அவர்கள் எத்தனையோ வீடுகளில் செய்ததுதான்.

"தலைக்கு மேல போகணும்" என்றான் அவன். குரலில் மூச்சு வாங்கியது. "நீ தூக்கினதும் நான் அடியில நுழைஞ்சிடுறேன். மூணு எண்ணுவேன். சரியா?"

அடியில் நுழைகிறானாம்.

அவள் வலது விரல்களைப் பார்த்தாள். கையுறைக்குள் அவை இருக்கின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை. வலி இல்லை. கொஞ்சங்கூட இல்லை. காலையில் டம்ளர் விழுந்தபோதும் வலி இல்லைதான்.

"ஒண்ணு" என்றான்.

கண்ணாடிக்குள் இருந்தவள் வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணாடியின் கீழ் விளிம்பு படியில் லேசாக உரசி, கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. கண்ணாடி விளிம்புக்கு அந்தப்புறம், கீழே, அவன் பின்தலை மட்டும் தெரிந்தது. குனிந்திருந்தான். பிடரி நனைந்திருந்தது.

"ரெண்டு."

"இறக்குங்க" என்றாள்.

சத்தம் வரவில்லையோ என்று தோன்றியது. கண்ணாடியை மீறி, அவன் காதில் விழும்படி, மறுபடியும் சொன்னாள்.

"ஏங்க, இறக்குங்க. மெதுவா, அந்தப் படி மேலயே. என் கையில பிடி நிக்கல. ரொம்ப நாளாவே நிக்கல. இது சரியாகிற வரைக்கும் என்னைத் தூக்க விடாதீங்க. நான் எவ்வளவு சண்டை போட்டாலும் விடாதீங்க."