பதினொரு கூடை எரு

காலை பதினொரு மணி ஆனால் போதும், தக்காளிச் செடிகள் எல்லாம் சேர்ந்து தலையைத் தொங்கப்போட்டுவிடும். சொட்டுக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மண்ணுக்குள் விரலை விட்டால் நகக்கண் வரை ஈரம் ஏறும். ஆனாலும் செடிகள் நாலு நாள் பட்டினி கிடந்தது மாதிரி துவண்டு நிற்கும். வெயில் இறங்கியதும் எதுவுமே நடக்காததுபோல நிமிர்ந்துகொள்ளும். மூன்றாவது வருடமாக இதே கூத்து.

"தண்ணி பத்தல" என்றாள் அக்கா, வரப்பில் நின்றபடி.

"ரெண்டு மணி நேரமா ஓடுதுக்கா."

"அப்ப மூணு மணி நேரம் விடு."

அக்காவுக்கு அக்கம்பக்கத்தில் மேஸ்திரி என்று பேர். அவள் இல்லாதபோது சொல்வார்கள், இருக்கும்போதும் சொல்வார்கள், அவளும் அதைப் பட்டம்போல வாங்கிக்கொள்வாள். அப்பா விட்டுப்போன நிலத்தை இருபத்தாறு வருடம் ஒற்றை ஆளாக நடத்தியவள். நான் வேலை பார்த்த துணி ஆலையை மூடிய பிறகு, ஐந்து வருடத்துக்கு முன்புதான் அவளோடு வந்து சேர்ந்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. அவளுக்கு நான் இன்னும் 'சின்னது'தான். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு அது சின்னது சொன்னதாகத்தான் இருக்கும்.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. கைக்கு எட்டிய செடியைப் பற்றி வேரோடு பிடுங்கினேன். நல்ல வேர் மெலிதாக, நூல் நூலாக இறங்கும். இதில் முடிச்சு முடிச்சாக வீங்கி, இஞ்சித் துண்டுகளை ஒட்டவைத்தது போல இருந்தது. அடுத்த செடியைப் பிடுங்கினேன். அதிலும் அப்படியே. ஏழு செடிகளைப் பிடுங்கி வரப்பில் வரிசையாக வைத்தேன்.

அக்கா குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வேருன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். நல்லா இருந்த செடியையும் சேர்த்துப் பிடுங்கிட்ட" என்று சொல்லிவிட்டு மோட்டார் அறைப் பக்கம் போய்விட்டாள்.

வேர்களை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு மண் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். கூடவே வருவேன் என்று அக்காவும் கிளம்பினாள். நான் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக. அங்கே பரிசோதனை செய்கிற அம்மாவுக்குக் கடுமையான ஜலதோஷம், கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே பேசினார். வேரைக் கீறி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நூற்புழு. வேருக்குள்ள குடியிருந்து உறிஞ்சுது. செடிக்கு நீங்க எவ்வளவு தண்ணி விட்டாலும் மேல ஏறாது."

"மருந்து வெச்சா செத்துருமா?" என்று கேட்டேன்.

"குறையும். சுத்தமா ஒழிக்கறதுங்கறது நடக்காதும்மா. குறைச்சு வெச்சுக்கிட்டுத்தான் பொழைக்கணும்."

இந்தப் பதில் அக்காவுக்குப் பிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அந்த அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நீங்களே வந்து பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

நான் பார்த்தேன். கண்ணாடி போன்ற மெல்லிய இழை ஒன்று வளைந்து, நெளிந்து, மறுபடி வளைந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்து அக்கா குனிந்து வலது கண்ணை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். அந்த அம்மா திருகைத் திருகித் திருகிக் கேட்டார், "இப்பத் தெரியுதா? இப்ப?"

"ஒண்ணும் தெரியல. வெறும் வெளிச்சமா இருக்கு."

திரும்பும்போது பேருந்தில் நான் அவளோடு பேசவில்லை. கண்முன்னால் நெளிகிற புழுவை இல்லை என்று சொல்கிறவளிடம் என்ன பேசுவது? அவள்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முனகினாள்: "இருக்கறதைக் காட்டச் சொன்னா லைட்டைக் காட்டறாங்க."

பத்து நாள் சண்டை போட்டேன். பரிசோதனைக்கூடத்து அம்மா எழுதிக் கொடுத்த தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அவள் எதிரிலேயே உரக்கப் படித்தேன். இரண்டு வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி எதுவும் கூடாது. கோடையில் உழுது, நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஆறு வாரம் வெயிலில் வேகவிட வேண்டும். பிறகு, வேரால் புழுவை விரட்டுகிற செண்டுமல்லி. வெளியிலிருந்து வரும் உழவு டில்லரைக் கழுவாமல் உள்ளே விடக் கூடாது. பிடுங்கிய வேர்களை அன்றைக்கே எரித்துவிட வேண்டும். "ரெண்டு வருஷம் தக்காளி இல்லாம நிலம் எதுக்கு, படம் பிடிச்சு மாட்டறதுக்கா?" என்றாள். கடைசியில் நிலத்தின் கீழ்த் துண்டை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்தாள், வம்பு பிடிக்கிற குழந்தைக்குப் பழைய சாவிக்கொத்தைக் கொடுப்பது போல.

அந்த ஆறு வாரமும் என் உயிர் கீழ்த் துண்டில்தான் இருந்தது. டில்லர்காரரை வாசலில் நிறுத்தி, சக்கரத்தையும் கொழுவையும் குழாய்த் தண்ணீரில் கழுவவைத்தேன். "வண்டிக்கு நடக்கற உபசாரம் எனக்கு நடக்க மாட்டேங்குதே" என்று அவர் அலுத்துக்கொண்டார். தாளை விரித்து நாலு ஓரத்திலும் மண் அணைத்து, எங்காவது காற்று புகுந்தால் ஓடிப்போய் அடைத்தேன். தாளுக்கு அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். கையை வைத்தால் சுடும். வேகட்டும், வேகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. உழுவதற்கு முன்பு கீழ்த் துண்டு முழுக்கப் பிடுங்கிய தக்காளிச் செடிகளை அன்றைக்கே எரிக்கவில்லை. அன்றைக்குத்தான் பிளாஸ்டிக் தாள் வந்து இறங்கியது. மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் காற்று அதிகம். மோட்டார் அறை பக்கத்தில், எருக் குவியலுக்கு வலது பக்கமாக அவற்றைக் குவித்து, பறக்காமல் இருக்க மேலே மண்ணை வாரிப் போட்டேன். அக்காவிடமும் சொல்லிவைத்தேன்: "இடது பக்கம் எரு. வலது பக்கம் நோய் வந்த வேரு. அதத் தொட்டுராத, நான் எரிக்கணும்." அவள் சரி என்றாள். எரிக்கிற நாள் மட்டும் வரவே இல்லை.

ஆறு வாரம் முடிந்து தாளைச் சுருட்டினேன். மண்ணை எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன். தாள் போடுவதற்கு முன்பு கொடுத்த மண்ணில், இருநூறு கிராமுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு புழுக்கள் இருந்தன. இப்போது முப்பத்தெட்டு. அந்த அம்மாவே இரண்டு தடவை எண்ணியதாகச் சொன்னார். சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தேன், பேருந்தில் இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். ஆலையில் இருபது வருடம் நின்று வேலை பார்த்தபோது கூட ஒரு தாளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வீட்டில் பையை வைக்காமல் நேராக நிலத்துக்குப் போனேன். கீழ்த் துண்டின் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை புழுதி. முகம் சிவந்து, பல நாளாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

"பதினொரு கூடை!" என்றாள். "ஒத்தையாளா சுமந்து கொட்டிப் பரப்பிட்டேன். நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னுதான். செண்டுமல்லியோ என்ன கருமமோ, அடி உரம் வேணாமா?"

பாத்தி முழுவதும் கருப்பாக, துண்டு துண்டாகக் கிடந்தது. நான் குனிந்து ஒன்றை எடுத்தேன். காய்ந்த தக்காளித் தண்டு. அதன் அடியில், உதிர்ந்தும் உதிராமலும், முடிச்சு முடிச்சான வேர்.

அப்புறம் நான் பேசியது எல்லாவற்றையும் இங்கே எழுத முடியாது. மேல் துண்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேண்டுமென்றே செய்தாய் என்றேன். நான் ஒரு காரியம் உருப்படியாகச் செய்துவிட்டால் உனக்குப் பொறுக்காது என்றேன். படித்துப் படித்துச் சொன்னேனே, வலது பக்கத்தைத் தொடாதே என்று சொன்னேனா இல்லையா என்று கத்தினேன்.

"சொன்ன" என்றாள். "ஆனா ஒரு குவியல்தானே இருந்துச்சு. நீ இன்னொண்ணை எரிச்சுட்டன்னு நெனச்சேன்."

"ஒரு குவியலா?"

அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மோட்டார் அறை பக்கத்தில் நிறுத்தினேன். எதிரே, அவள் அள்ளியது போக மிச்சமிருந்த வேர்க்குவியல். அதற்கு இடது பக்கத்தில், மூன்றடி தள்ளி, இடுப்பு உயரத்துக்கு எருக் குவியல்.

"அப்ப இது என்ன?"

அவள் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றாள். "எது?" என்றாள். நான் கையை நீட்டினேன். நீட்டிய கையையும் அவள் பார்க்கவில்லை. பிறகு கழுத்தை முழுசாக, கோழி திரும்புவது போலத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் அவளுக்கு அது தெரிந்தது. அது தெரிந்த கணத்தில் அவள் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனதை நான் பார்த்தேன்.

வாய்க்குள் நான் திரட்டி வைத்திருந்த அடுத்த வசவு அப்படியே நின்றுவிட்டது. துணியில் ஒரு இழை தப்பினால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள் என்று ஆலையில் எனக்குப் பேர். கதவு நிலையில் அவள் தோள் இடிக்கும்போதெல்லாம் "பார்த்து வரக் கூடாதா" என்று சலித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வைத்த டம்ளரை அவள் தட்டிவிட்டபோது கைக்குக் கொழுப்பு என்று சொல்லியிருக்கிறேன். வரப்பில் எப்போதும் முன்னால் நடக்கிற மேஸ்திரி எப்போதிருந்து எனக்குப் பின்னால் வர ஆரம்பித்தாள் என்று யோசித்ததே இல்லை.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்." குரலில் இன்னும் அதிகாரம் மிச்சமிருந்தது. "வலது கண்ணுல பாதி இல்ல. இடதுல ஓரம் இல்ல."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஓரமா உக்காருன்னு நாற்காலி போடுவ."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரிந்தது.

கண் மருத்துவர் இளம்பெண். அக்காவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, ஏதேதோ படங்களை எங்களுக்குக் காட்டினார். கண்ணில் அழுத்தம் கூடிப்போய் நரம்பு தேய்ந்துவிட்டது, வலி இருக்காது, அதனால் யாருக்கும் தெரியாது என்றார்.

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"போன பார்வை போனதுதாம்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். தினம் ரெண்டு வேளை சொட்டு மருந்து. ஒரு நாள்கூட விடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"இருக்கற வரைக்கும்."

அக்கா என் பக்கம் தலையைத் திருப்பி, இவளும் அந்தப் பரிசோதனைக்கூடத்து அம்மா மாதிரியே சொல்கிறாள் பார் என்பதுபோலப் பார்த்தாள்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவள் மேல் பட முடியவில்லை. புழு மேல் பட்டுப் பயனில்லை. மிச்சம் இருந்தது நான்தான். அந்தக் குவியலை அன்றைக்கே ஒரு தீக்குச்சி கிழித்துப் போட்டிருந்தால் பத்து நிமிட வேலை. அது அங்கே இருந்ததற்கு நான் காரணம், அவள் அதை அள்ளியதற்குக் கண் காரணம். இதை அவளிடம் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்து, மூன்றாம் நாள் காலையில் அவள் கண்ணுக்கு மருந்து விடும்போதுதான் சொன்னேன். அவள் மருந்து வழிகிற கண்ணை மூடிக்கொண்டு, "தெரியும். அன்னைக்கே ஏன் சொல்லலன்னு பார்த்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், துடைக்கக் கூடாது என்று மருத்துவர் அவ்வளவு சொல்லியும். மறுபடி ஒரு சொட்டு விட்டேன். அதையும் துடைத்தாள்.

மண்வெட்டியால் மேல்மண்ணை விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி, சாக்கில் கட்டி, வெளியே எடுத்துப்போய்க் காயவைத்து எரித்தோம். மூன்று நாள் ஆனது. மண்ணைப் பரிசோதித்தால் இருநூற்று முப்பது என்று வந்தது. அந்த அம்மா தும்மிவிட்டு, "முதல்ல இருந்ததுக்கு இது பரவாயில்ல" என்றார். எனக்கு அந்த 'பரவாயில்ல'யைக் கேட்டதும் அழுகை வந்தது. கோடை போய்விட்டது, மறுபடி தாள் போட ஒரு வருடம் ஆகும். செண்டுமல்லி போட்டோம். அது பூக்க ஆரம்பித்ததும் நடுவில் ஐந்து தக்காளி நாற்றை மட்டும் நட்டுவைக்க அந்த அம்மா சொன்னார். ஆறு வாரம் கழித்துப் பிடுங்கி வேரைப் பார்த்தால் மண்ணின் கதை தெரிந்துவிடுமாம்.

ஆறு வாரமும் அக்கா சொட்டு மருந்துக்குச் சண்டை போட்டாள், என்னோடு சேர்ந்து பூப்பறித்தாள், பாதிப் பூவை விட்டுவிட்டு வந்தாள். அவள் விட்டதைப் பின்னாலேயே போய் நான் பறித்தால் கோபித்துக்கொண்டாள். பறிக்காவிட்டால், "அங்க நிக்குது பாரு, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று, தனக்குத் தெரிந்த ஒன்றைக் காட்டி என்னைத் திட்டினாள்.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் முதல் தக்காளியை மண்வெட்டியால் நெம்பி எடுத்தேன். வேர் அறாமல் வாளித் தண்ணீரில் அலசினேன். வெள்ளை வேர்கள் தண்ணீரில் விரிந்தன. தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சுத்தமா இருக்குக்கா."

"குடு இப்படி."

பாத்தியின் ஓரத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். செடியை மடியில் கிடத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலிருந்து தொடங்கி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒவ்வொரு வேராக எடுத்து நுனி வரைக்கும் உருட்டிக்கொண்டே போனாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது வேரில் பாதி தூரம் போய் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடி நின்றது.

"இங்க."

நான் குனிந்து பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாக ஏதோ இருந்தது. முடிச்சா, ஒட்டிக்கொண்ட மண்ணா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"மண்ணா இருக்கும்" என்றேன்.

"அப்ப கழுவு."

வாங்கிக் கழுவினேன். தண்ணீர் கலங்கியிருந்ததால் அதைக் கொட்டிவிட்டு, குழாய்க்குப் போய் வேறு தண்ணீர் பிடித்து வந்து மறுபடி கழுவினேன். அவள் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். இன்னும் நாலு செடிகள் பூக்களுக்கு நடுவில் நின்றன. வேரை அவள் உள்ளங்கையில் வைத்தேன். தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. அதைத் துடைக்காமல், கண்ணைத் திறக்காமல், அவள் தண்டின் அடியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.