ஊர் பொதுமக்கள் என்று கையெழுத்திட முடியாது

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் புஷ்பவள்ளி மேடம் சொன்னது. செம்மண்டலத்தில் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர், அரசு ஊழியர். 2011-இல் சிதம்பரத்துக்கு மாற்றலாகித் தினமும் போய்வந்துகொண்டிருந்தார். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது ஆரம்பித்தவர், பி.முட்லூர் தாண்டுவதற்குள் முடித்துவிட்டார். எனக்குத்தான் ஒரு வருஷமாகியும் முடியவில்லை.

எழுதி அடித்த தொடக்கங்களை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியும் உள்ளாட்சி அமைப்புகளில்" — போதும். நானே இரண்டாவது வரிக்குப் போகமாட்டேன்.

"அன்று கடல் கொந்தளி" — மீனவர் ஊர் என்றதும் பேனா தானாகக் கடலுக்கு ஓடுகிறது. இந்தக் கதையில் ஒருவரும் கடலுக்குப் போகப்போவதில்லை. பிரச்சினை குடிதண்ணீர்.

2

2008-ஆம் வருஷம். கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர். வேலாங்குப்பம் என்று வைத்துக்கொள்வோம். (அப்படி ஓர் ஊர் இல்லை. தேடிக்கொண்டு போய்விடாதீர்கள்.) சுனாமிக்குப் பிறகு அங்கே ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டினார்கள். நீல வண்ணம் பூசி, தேதி எழுதி, தெருவெல்லாம் குழாய் நட்டார்கள். குழாயில் தண்ணீர் மட்டும் வரவில்லை. கேட்டால், "வேலை முடிஞ்சிடுச்சே" என்று ஒன்றிய அலுவலகத்தில் பதில். தொட்டிக்கு ஏறும் ஏணியின் கீழே கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

பெண்கள் அடுத்த ஊர் அடிபம்புக்குக் குடத்தோடு நடந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சம்மாள். புருஷன் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு அவர் போய்ச்சேர்வதற்குள் வாசலோரம் நல்ல இடமெல்லாம் போய்விடும். மூலையில் உட்கார்ந்து, பாதி மீனைக் கருவாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்.

தகவல் கேட்கச் சட்டம் வந்திருப்பது தெரிந்ததும் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, தொட்டி வேலை என்ன ஆயிற்று என்று கேட்டு மனு எழுதியது. எப்போதும் எழுதுகிற மாதிரியே எழுதியது. "இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்." கீழே ஊர் முத்திரை.

(இங்கே ஒரு குறிப்பு. அந்தக் கரையில் தனியாள் அரசாங்கத்துக்கு மனு போடும் பழக்கம் கிடையாது. போனால் ஊராகப் போவார்கள். தனியாகப் போனவனை ஊர் கூட்டி விசாரிப்பார்கள், அபராதமும் உண்டு. கெட்ட வழக்கம் என்று சட்டென்று எழுதிவிடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒற்றுமைதான் சுனாமியில் அவர்களைக் காப்பாற்றியது.)

3

ஆனால் சட்டம் கேட்பது ஒரு குடிமகனை. ஊருக்கு அது பதில் சொல்லாது. மனு வந்து சேர்ந்தது புஷ்பவள்ளியின் மேசைக்கு. ஒன்றிய அலுவலகத்தில் அவர்தான் பொதுத் தகவல் அலுவலர். விரும்பி ஏற்ற பொறுப்பு அல்ல. வேறு யாரும் சீண்டாத பொறுப்பு.

மேலதிகாரி மனுவைப் பார்த்துச் சிரித்தார். "பேரே இல்லியேம்மா. ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிடுங்க. நல்லதாப் போச்சு."

சட்டப்படி அது குற்றமும் இல்லை. ஆனால் புஷ்பவள்ளி மனுவைப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை சொந்தக் காசில் பஸ் ஏறி வேலாங்குப்பம் போனார்.

இந்த இடத்தில் எனக்கு இடித்தது. இப்படி ஓர் அதிகாரியா, யார் நம்புவார்கள்? ஆகவே அவருக்கு ஒரு காரணம் தயாரித்தேன். சிறு வயதில் குடம் தூக்கித் தோள் இறங்கிய அம்மா, அந்த அம்மாவின் கண்ணீர், இத்யாதி. எழுதியதைப் போனில் படித்துக் காட்டினேன்.

"எங்கம்மா டீச்சர் சார். வீட்டுக்குள்ளயே கெணறு இருந்துச்சு."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"பேரு வேணும்னு சொல்றதுக்குத்தான். மனு போடறவங்களுக்கு ஒத்தாசை பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு சார். யாரும் அந்தப் பக்கத்தப் படிக்கறதில்ல."

அவ்வளவுதான் காரணம். கண்ணீரை அடித்துவிட்டேன். கதாபாத்திரமாக இது போதாது என்று சொல்பவர்கள், உங்கள் ஊர் அலுவலகத்தில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள்.

4

மாரியம்மன் கோவில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் பின்னால் நின்றார்கள். யாராவது ஒருவர் பெயர் வேண்டும் என்றார் புஷ்பவள்ளி.

"நாட்டாரு பேரயே போட்டுடலாம்" என்றது ஒரு குரல்.

ஊர்த் தலைவரான நாட்டார் சிங்காரம் மாட்டேன் என்று தலையாட்டினார். "ஊர விட நான் பெரியவன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு நீயே கேள்வி கேப்ப."

இன்னொருவர் உண்மையைச் சொன்னார். "எம் பேரு போனா தொட்டி கட்டுன காண்ட்ராக்டர் ஆளுங்க என் வூட்டு வாசல்லதான வந்து நிப்பாங்க."

புயலில் படகு விடுகிற ஆட்கள், ஒரு தாளில் தனியாகப் பெயர் எழுதத் தயங்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நானும் எழுதியிருக்கமாட்டேன்.

பின்னாலிருந்து அஞ்சம்மாள் சொன்னார். "எம் பேரு எழுதுங்க."

யாரோ சிரித்தார்கள். சிங்காரம் கோபப்படாமல்தான் சொன்னார். "நீ தலைக்கட்டுலயே இல்லியேம்மா." ஊர் வரி கட்டும் ஆண்களைத்தான் தலைக்கட்டு என்று எண்ணுவார்கள். பெண்கள் அதில் சேர்த்தியில்லை.

"அதான் மாமா சொல்றேன். கணக்குல இல்லாதவ பேரு போனா ஊருக்கு என்னா கொறஞ்சிடும்? என்னை எப்புடி அபராதம் போடுவீங்க? தண்ணி தூக்கறது மட்டும் எங் கணக்குலதான இருக்குது."

சிங்காரம் புஷ்பவள்ளியைப் பார்த்தார்.

"சட்டத்துக்குத் தலைக்கட்டெல்லாம் தெரியாதுங்க. இந்த நாட்டு ஆளா இருந்தா போதும்" என்றார் அவர். பேனாவை அஞ்சம்மாளிடம் நீட்டினார்.

5

காண்ட்ராக்டர் ஆள் வந்தான். வாசலுக்கு அல்ல, மார்க்கெட்டுக்கே. மூலைக்கு வந்து நின்று, "யாரு சொல்லி எழுதுன?" என்றான்.

அஞ்சம்மாள் நிமிரவில்லை. "மீனு வாங்கறதுன்னா வாங்கு. இல்லன்னா தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

(இந்த வரியை நான் மெருகேற்றவே இல்லை. இப்படி ஒரு வரி எனக்கு வராது.)

அலுவலகத்திலும் நெருக்கினார்கள். மனுவைக் கொஞ்சம் கிடப்பில் போடச் சொன்ன மேலதிகாரியிடம் புஷ்பவள்ளி கேட்டார்: "லேட்டானா அபராதம் எஞ் சம்பளத்துல புடிப்பாங்க சார். நீங்க குடுத்துடுவீங்களா?"

வேலையை நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. புஷ்பவள்ளி அதற்கு நாள் குறித்தார். சாவி வந்தது. ஊரே தொட்டிக்குக் கீழே திரண்டது. கதவு திறந்ததும் ஆண்கள் முன்னால் வந்தார்கள். புஷ்பவள்ளி கையை நீட்டித் தடுத்தார். "மனுதாரர் மட்டும்."

"இருவரும் விறுவிறுவென்று ஏறினார்கள்" என்று எழுதியிருந்தேன். போனில் திருத்தம் வந்தது. "பொய் எழுதாதீங்க சார். பாதியில கண்ண மூடிட்டேன். அஞ்சம்மாதான் கையப் புடிச்சு மேல இழுத்தாங்க."

மேலே மூடியைத் திறந்தார்கள். அஞ்சம்மாள் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு இறங்கினார்.

"என்னாம்மா இருக்கு?" என்றார் சிங்காரம்.

"கேட்டவங்களுக்குத்தான் காட்டுவாங்களாம் மாமா. உனக்கு வேணும்னா உம் பேரப் போட்டுக் கேளு."

பெண்கள் பக்கம்தான் முதலில் சிரிப்பு கிளம்பியது. சிங்காரமும் சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது, அது வேறு. ஆனாலும் அடுத்த வாரம் சிங்காரம் தனியாக ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். மீன் ஏலக்கூடத்தைப் பற்றி ஒரு மனு. கீழே அவர் பெயர், அவர் கையெழுத்து. ஊர் முத்திரை இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு. அன்றைக்கு மதியம் சாப்பிடவே தோன்றவில்லை என்றார் புஷ்பவள்ளி.

6

போன மாதம் அஞ்சம்மாளைப் பார்க்க மார்க்கெட்டுக்குப் போனேன். மூலையில் தேடினேன். வாசலோரம் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் ஊர்க் கடலோரத் தெருவில் காலையிலேயே குழாயில் தண்ணீர் வந்துவிடுகிறதாம். கதையில் எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன், உங்கள் பெயரையும் மாற்றிவிடுகிறேன், பயப்படவேண்டாம் என்றேன்.

"எம் பேர மாத்தாதீங்க. பேரப் போட்டதுதான சார் கதையே."

மாற்றவில்லை. இந்தக் கதையில் அது ஒன்றுதான் மாற்றாத பெயர்.

அப்படியானால் தொட்டிக்குள் என்ன இருந்தது? மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் காக்காய்க் கூடு. ஒன்றில் மூடி வரைக்கும் தண்ணீர், குழாயோடு இணைக்கத்தான் ஆளில்லை. மூன்றாவது —

இல்லை, சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரியும். உங்களுக்கு வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள், தபால் அட்டை போதும். "இப்படிக்கு, வாசகர்கள்" என்று வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு ஆள், ஒரு பெயர்.

கேட்பவர்: .....................