விடு

எட்டுப் படகுகளும் ஒரே அச்சு. ஒரே மரம், ஒரே நீளம், ஒரே அளவுப் பாய். நாங்கள் பிறப்பதற்கு முன்பே செய்தவை. பாயில் எழுதிய எண் மட்டும்தான் வேறு. எது யாருக்கு என்று காலையில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இந்தப் பெண்கள் பந்தயத்தின் வம்பே அதுதான்: தோற்றால் படகின் மேல் பழியைப் போட முடியாது.

எங்களுக்கு ஐந்தாம் எண் வந்தது. அக்கா பஸ் ஓட்டுகிறவள், அதனால் சுக்கான் அவளிடம். பாய்க் கயிறு என்னிடம். நான் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறேன். பெட்டி தூக்கிய கைக்குக் கயிறு பெரிய விஷயமில்லை. அக்கா "இழு" என்றால் இழுக்க வேண்டும். "விடு" என்றால் தளர்த்த வேண்டும். வேறு பாடமில்லை.

முதல் மூன்று படகுகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அக்கா இரண்டு வருடமாக நான்காவது. அடுத்த மாதத்திலிருந்து டிப்போவில் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பகல் வண்டி. பந்தயமெல்லாம் ஞாயிறு மதியம்தான். ஜெயித்தவளுக்கு டிப்போ விடுப்புத் தரும். நான்காவது வந்தவளுக்கு யார் தருவார்கள்? இன்று தவறினால் அவ்வளவுதான்.

காற்று சோம்பலாக இருந்தது. மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். அண்ணன் மனைவி இன்னொரு படகில் பின்னால் வந்தாள். வங்கி மேலாளர். அவள் குரல் மட்டும் எங்களுக்கு முன்னால் போனது.

"என்ன டிரைவரம்மா, ஸ்டாப் வந்தா நிப்பாட்டுவீங்களா?"

"டிக்கெட் எடுக்காதவங்கள ஏத்துறதில்ல அண்ணி!" என்று கத்தினாள் அக்கா.

காற்று குறைந்தால் வாய்க்கு வேலை கூடிவிடும். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"பகலெல்லாம் பொணம் மாதிரி தூங்குற. இதெல்லாம் ஒரு பொழப்பா? திரும்பப் போய்ப் படிச்சா கொறஞ்சா போயிடுவ?"

"விடுக்கா."

"எத விடுறது? அம்மா என்னத்தானே கேக்குறாங்க."

"தெரியாதுன்னு சொல்லு."

மிதவை நெருங்கிவிட்டது. அதைச் சுற்றிக் காற்றின் போக்கில் திரும்ப வேண்டும். கயிற்றைத் தளர்த்தினால்தான் படகு திரும்பும்.

"சரி, விடு!" என்றாள்.

பேச்சை முடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நிம்மதியில் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுன்னா!"

"நான் எப்பவோ விட்டாச்சு. நீதான் பிடிச்சுத் தொங்குற."

"கயித்த விடுடீ, கழுதை!"

விட்டேன். பிந்திவிட்டது. படகின் விலா மிதவையில் உரசியது, கதவில் விரல் தட்டியது போல. அது அண்ணிக்குத் தெரியாதபடி அவள் பாயே மறைத்துவிட்டது. மிதவையைத் தொட்டவர்கள் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் மேலே போகலாம்.

"யாரும் பாக்கல" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "இழு" என்றாள்.

வட்டம் அடித்தோம். கடந்து போன அண்ணி, அதிசயமாக, வாயைத் திறக்கவில்லை. நான்காவதாகக் கரை சேர்ந்தோம்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். ஆளுக்கொரு முனையாகப் பாயைப் பிடித்து மடித்தோம்.

"நாலாவது எடத்த நம்ம பேருக்குப் பட்டா போட்டுட்டாங்க போல" என்றாள். பிறகு இன்னொரு மடிப்பு மடித்தாள். "டிப்போல நைட் வண்டிக்கு ஆள் தேடுறாங்க. கேட்டு வாங்கிட்டா ஞாயித்துக்கிழம பகல் நம்மளுது."

நான் பாயின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

"பகல்ல எப்படிடீ தூங்குற?"

"பொணம் மாதிரி."

"ஒழுங்கா சொல்லு."

"ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டணும். ஃபோன அணைக்கணும். அக்கான்னு யாராவது இருந்தா வீட்ட விட்டுத் தொரத்தணும்."

அவள் சிரித்தாள். "மொதல்ல கயித்துக்கு வேற வார்த்த பாக்கணும்."

"தளர்த்து?"

"அது வாயில நொழையறதுக்குள்ள கரையே வந்துடும். அப்புறம் யோசிக்கலாம், இப்ப விடு."

நான் என் கையிலிருந்த பாயின் முனையை விட்டேன்.