கோல்மனின் ஏழாவது ஸ்வரம்

குழலுக்குள் இருந்த கோரைத் தண்டு பாதி வெளியே வந்ததும் முறிந்தது. மீதியை டெர்வ்லா மெல்லிய கம்பியால் சுரண்டி எடுத்தாள், தூளாகத்தான் வந்தது. மேசையைத் துடைத்தபோது அதுவும் துணியோடு போயிற்று.

அவளுக்கு அதில் வருத்தமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் பழைய இல்லன் பைப் அது, அயர்லாந்தின் பை வாத்தியம். தோல்பை நைந்து, முழங்கையால் அழுத்தும் துருத்தி பிய்ந்து, பழுதுபார்க்க அவள் பட்டறைக்கு வந்தது. செய்தவன் கையை விட்டுப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று டப்ளின் காப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். கோரை பிற்காலத்தில் சேர்ந்தது, அதனால் எடுத்தாக வேண்டும். பாட்டுக்குழலின் உள்ளே ஒரு தண்டைச் செருகிச் சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது கிளேர் பக்கத்தில் வாசிக்கிறவர்கள் வழக்கம். இதைச் செருகியவர் இந்த வாத்தியத்தைக் கடைசியாக வாசித்த கோல்மன் டால்ட்டி. குளிர்காலத்தில் இறந்துபோனார்.

வாத்தியம் காப்பகத்துக்குப் போகுமுன் ஒருமுறை கேட்டுவிட வேண்டுமென்று அவருடைய தம்பி மாலக்கி மத்தியானம் வந்தார். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். டெர்வ்லா துருத்தியைக் கட்டிக்கொண்டு ஒரு மெதுவான பாட்டை வாசித்தாள். ஒரு பிசிறு இல்லை. முடித்தபோது மாலக்கி ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார் கடைசியில்.

"நல்லா இருக்குன்னு சொல்றீங்களா, மாலக்கி?"

"சுத்தமா இருக்குன்னேன், பொண்ணே. மேல ஏறுறப்ப அந்த ஏழாவது ஸ்வரம் அவன் கையில தாழ்ந்து நிக்கும். அந்த இடம் வந்தா எங்க நாய் எந்திரிச்சு வெளிய போயிரும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அதச் சரி பண்ணித் தொலைடான்னு எத்தனையோ வருஷம் சொல்லிப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு, உன் காதுதான் கோணல்னான்."

"டேப்ல அவர் வாசிச்சது எதுவும் இல்லையா?"

"மெஷினப் பாத்தாலே வாத்தியப் பெட்டிய மூடிருவான்."

அந்த ஸ்வரம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தத் தண்டின் பருமனிலும் அது நின்ற இடத்திலும் மட்டும் இருந்தது. இரண்டையும் அவள் அளக்கவில்லை. தண்டை எடுத்து, தூளைத் துடைத்துப் போட்டதை அவரிடம் சொன்னாள்.

மாலக்கி எழுந்து வெளியே போனார். கார் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள், கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்தால், பின்னாலிருந்த ஈர வயலில் பேனாக்கத்தியோடு குனிந்துகொண்டிருந்தார். நனைந்த கையில் ஒரு பிடி கோரையோடு திரும்பி வந்தார்.

"காஞ்சு பழுத்ததாப் பாத்து எடுத்தேன். பச்சையா வெச்சா சுருங்கிரும்னு சொல்லுவான். நம்ம நிலத்துல வேற என்னதான் வெளையுது?"

கோரையை அடுப்பருகே ஈரம் போக வைத்திருந்து, ஒன்றைச் செருகி வாசித்தாள்.

"இன்னும் உள்ள தள்ளு."

தள்ளினாள்.

"ஐயோ, இது கோல்மன் இல்ல, வயித்துவலி வந்த மாடு. வெளிய இழு."

தண்டை மாற்றினாள், நறுக்கினாள், மறுபடி செருகினாள். தேநீர் ஆறிப்போயிற்று. ஓரிடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதே அடியை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"இதுதானா?"

"இதுதான்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

மாலக்கி குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல தெரிஞ்சுது. நீ இத்தன வாட்டி வாசிச்சப்புறம் எல்லாமே அவன் மாதிரிதான் கேக்குது."

டெர்வ்லா குழலை மடியில் வைத்தாள்.

"காப்பகத்துல இத எடுக்கச் சொல்வாங்க," என்றாள்.

"எடுத்துக்கட்டும். ஆனா எவ்வளவு உள்ள நிக்குதுன்னு அளந்து எழுதிக் குடு."

அவள் அளவுகோலை எடுத்தாள். "யாரு வெச்சதுன்னு எழுத?"

"நீயும் நானும்னு எழுது. கோல்மன் பேரப் போடாத. பொய்யாயிரும்."

எழுதினாள். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"இப்ப சும்மா வாசி," என்றார். "நான் எதுவும் சொல்ல மாட்டேன்."