இரண்டாவது கீறல்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்த புண்ணியவான், அதை ஒரு நாள் யாராவது கழற்றிப் பார்ப்பார்கள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான். இரண்டே சீட்டு. அவற்றின் முதுகை உரசிக்கொண்டு பின்னால் இன்ஜின். முப்பது வருஷத்துக்குப் பிறகும் தெருவில் போனால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை மாற்ற வேண்டுமா, பக்கத்துச் சீட்டைக் கழற்று, அதன் பின்னால் இருக்கும் உள்ளங்கை அகலத் தகர மூடியை எடு, அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விடு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலால் தடவித் தடவி வேலையைப் பார்.

பட்டறையில் அந்த ஓட்டைக்குள் நுழையும் கை ஒன்றே ஒன்றுதான். அது அக்காவுடையது. வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அவள் அக்காதான், அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும். பட்டறையில் பாதிப் பங்கு அவளுடைய சொந்தத் தம்பிக்கு. நாற்பது வயது ஆள். அவன் கை அந்த ஓட்டைக்கு மூடியாக வேண்டுமானால் உதவும்.

பழைய ஹோஸைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு தரம், அதைப் பிடிக்கும் கிளிப்பை இறுக்க ஒரு தரம் என்று கை இரண்டு முறை உள்ளே போகும். தகரத்தின் விளிம்பு சும்மா விடாது. ஒவ்வொரு முறையும் முன்கையில் ஒரு கோடு கிழிக்கும்.

"இந்த வண்டிக்கு உன்மேல என்ன பாசமோ, ரெண்டு கோடு போடாம அனுப்பாது" என்று தம்பி ஒவ்வொரு சர்வீஸுக்கும் தவறாமல் சொல்வான். அவளும் தவறாமல் முறைப்பாள்.

இருவருக்கும் இடையே ஒரு சட்டம் உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காரின் சக்கரம் பட்டறை வாசலிலேயே கழன்று உருண்ட அன்று அக்கா போட்ட சட்டம். எதையும் இறுக்கி முடித்தவர் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். மற்றவர் அந்தப் பொட்டைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். எட்டாத மூலைகளைப் பார்க்கத் தம்பியிடம் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடி இருந்தது. இந்தச் சிவப்பு வண்டிக்காரரான பல் டாக்டர்தான் கொடுத்தார். கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலவே தம்பி அதை விட்டு எட்டிப் பார்ப்பான்.

சட்டம் போட்டவளே அதை மீறினாள். யாரையும் ஏமாற்ற அல்ல. குருட்டு ஓட்டைக்குள் பிரஷ்ஷைக் கொண்டுபோனால் பெயின்ட் கிளிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அப்பும். அதனால் எட்டாத இடத்துக் கிளிப்புகளுக்கு மட்டும், மேஜையில் வைத்தே முதலில் பொட்டு வைத்துவிட்டுப் பிறகு மாட்டப் பழகிவிட்டாள். எப்படியும் இறுக்கத்தானே போகிறோம். தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று மட்டும் தோன்றியது.

அன்று மதியம் கிளிப்புக்குப் பொட்டு வைத்து, கையை உள்ளே விட்டுப் பழையதைக் கழற்றி, கிளிப்போடு புது ஹோஸை மாட்டினாள். சீட் இருந்த இடத்திலிருந்து சிகரெட் சாம்பல் நெடி வந்தது. டாக்டர் வீட்டிலும் பிடிக்க முடியாது, கிளினிக்கிலும் பிடிக்க முடியாது. பாவம், அவருக்கு இந்தக் கார் ஒன்றுதான் போக்கிடம்.

கையை வெளியே எடுத்துத் திருப்புளியைத் தேடும்போது வாசலில் டாக்டரே வந்து நின்றார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால்.

"பழைய ஹோஸ எனக்குக் காட்டணும்மா. சும்மா மாத்தறீங்களோன்னு வீட்ல கேக்கறாங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பழைய ஹோஸை எடுத்துப் போய், வளைத்து, வெடிப்பைக் காட்டி, காட்டியதையே மறுபடி காட்டி, அவர் தன் மருமகன் வாங்கிய புது காரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பியபோது தகர மூடி போட்டாயிற்று, சீட்டும் மாட்டியாயிற்று.

"பொட்டு பாத்துட்டேன்க்கா, மூடிட்டேன்" என்றான் தம்பி.

அவள் சரி என்று தலையாட்டினாள். எத்தனையோ தரம் செய்த வேலை. திருப்புளி திரும்பும் இறுக்கம் விரலில் நினைவிருந்தது. அது போன சர்வீஸின் நினைவு என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டார்கள். ஒரு சொட்டு இல்லை, வாசனை இல்லை. புது ஹோஸ் இறுக்கமாகத்தான் நிற்கும். சூடேறிய பிறகுதான் தன் புத்தியைக் காட்டும். வழக்கம்போல வண்டியை ஓட்டிப் பார்க்க டாக்டர் உட்கார்ந்தார். பக்கத்தில் தம்பி. மேட்டு ரோடு வரை போய்வர முக்கால் மணி நேரம்.

அவர்கள் போய்க் கால் மணி கழித்து அக்கா குழாயடியில் கைக்குச் சோப்புப் போட்டாள். முன்கை எரிந்தது. ஓர் இடத்தில் மட்டும் எரிந்தது.

நுரையைக் கழுவினாள். கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கோடு. இடது கையையும் பார்த்தாள், அது அந்த ஓட்டைக்குள் போகவே இல்லை என்று தெரிந்தும். குழாயை மூடாமலே போனை எடுத்தாள்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தான்.

"என்னக்கா? வண்டி சும்மா பறக்குது. லேசா பெட்ரோல் வாசன, அவ்ளோதான். புது ஹோஸ் அப்படித்தான் இருக்கும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"ஓரமா நிறுத்தச் சொல்லு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பேரும் எறங்கி தூரமா போங்க."

"ஏன்?"

"அவர சிகரெட்ட எடுக்க விடாத. கிளிப் டைட் பண்ணலடா."

"பொட்டு இருந்துதே. நான் கண்ணால பாத்தேன்."

"பொட்டு பொய்டா. எறங்கு."

அவன் டாக்டரிடம் ஏதோ சொல்வது கேட்டது. இன்ஜின் சத்தம் நின்றது. பிறகு போனும் நின்றது.

ஸ்பேனரையும் திருப்புளியையும் பையில் போட்டு, தீயணைக்கும் சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் போனாள். ஒவ்வொரு வளைவிலும் கரும்புகையைத் தேடினாள். இல்லை. அதற்காக நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை. அடுத்த வளைவில் இருக்கலாம் அல்லவா.

மேட்டு ரோட்டின் பாதியில் வண்டி நின்றிருந்தது. அடியில் தார் இருண்டு நனைந்திருந்தது. ஐம்பதடி தள்ளி டாக்டர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். விரலில் பற்ற வைக்காத சிகரெட், கசங்கி. லைட்டர் தம்பியின் கைக்குள் இருந்தது.

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அக்கா சீட்டைக் கழற்றி, மூடியை எடுத்து, கையை உள்ளே விட்டாள். இரண்டாவது கோடு விழுந்தது. கிளிப் மோதிரம் போலச் சுழன்றது. ஹோஸ் பாதி நழுவியிருந்தது. தள்ளி மாட்டினாள், இறுக்கினாள், இன்னொரு தரம் இறுக்கினாள்.

"என் தப்பு டாக்டர்" என்றாள். "நான் பாதியில விட்ட வேல." அவர் கசங்கிய சிகரெட்டைத் தூரமாக எறிந்தார்.

தம்பி அவளைத் தனியே கூப்பிட்டான். அவன் குரல் கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"டைட் பண்றதுக்கு முன்னாடியே பொட்டு வெச்சியா?"

"ம்."

"இந்த வண்டிக்கு மட்டுமா?"

அக்கா தார் ரோட்டைப் பார்த்தாள். "கை எட்டாத எடத்துக்கெல்லாம். ரெண்டு வருஷமா."

"போன மாசம் எங்க வீட்டு வண்டிக்கும் பெட்ரோல் ஹோஸ் மாத்தின."

"அத டைட் பண்ணிட்டேன்னுதான் நெனைக்கிறேன். இல்லன்னா இந்நேரம் ஒழுகியிருக்குமே."

"அரைகுறையா இருந்தா மெல்லத்தான் நழுவும். இன்னிக்கும் அப்படித்தான நெனச்ச?"

அந்த வண்டியும் கையில் கோடு போட்டிருக்கும். ஆனால் போன மாதத்துக் கீறல்கள் எப்போதோ ஆறிப் போய்விட்டன. முன்கையைத் தடவிப் பார்த்தாள். தோல் வழவழவென்று ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

தம்பி மணியைப் பார்த்தான். அவன் மனைவி நர்ஸ். பகல் ஷிஃப்ட் முடிந்து, பள்ளியில் மகளை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் நேரம். அவளுடைய எண்ணை அழுத்திக் காதில் வைத்தான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அடித்து ஓய்ந்தது.

வண்டி ஓட்டும்போது அவள் போனைத் தொடவே மாட்டாள். அந்தப் பழக்கத்துக்காக அக்காவே அவளை எத்தனையோ முறை பாராட்டியிருக்கிறாள்.