முழங்கால் வரைக்கும்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால், ஹீனா டீச்சர் குனிந்து தன் கால்விரலைத் தொட்டுக் காட்ட முயன்றாள். கை முழங்காலுக்குக் கீழே இறங்க மறுத்தது. ஐம்பத்து மூன்று வயது. காலையில் பாலக்கோட்டிலிருந்து காலித் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டே வந்த பஸ் பயணம் இன்னும் இடுப்பில் இருந்தது. தொடக்கப் பள்ளிக்குத் தனியாக விளையாட்டு ஆசிரியர் கிடையாது. நான்கும் ஐந்தும் சேர்ந்த வகுப்புக்குக் கணக்கு, தமிழ் எல்லாமே அவள்தான். இத்தனை வருடமும் அந்தப் பீரியடில் பிள்ளைகளை மரத்தடியில் விளையாட விட்டுவிட்டு நோட்டு திருத்துவாள். இப்போது ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு குனிகிறது என்று அளந்து, திங்கட்கிழமைக்குள் செல்போன் செயலியில் ஏற்றச் சொல்லிவிட்டார்கள்.

வரிசையாகக் கூப்பிட்டாள். பிள்ளைகள் சிரமமே இல்லாமல் மடங்கி எழுந்தார்கள். ஐந்தாம் வகுப்பு தமிழ்மணியின் முறை வந்தது. அவள் குனிந்தாள். கை முழங்காலோடு நின்றது, ஹீனாவுக்கு நின்ற அதே இடத்தில். பின்னால் ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை முழுக்கப் பரவியது. தன்னைப் போலச் செய்து காட்டுகிறாள் என்று ஹீனாவுக்குச் சுரீரென்றது. இருந்த களைப்பில் யோசிக்கவில்லை. சிறுமியின் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

தமிழ்மணி குப்புற மண்ணில் விழுந்தாள். அழவில்லை. உதட்டு மண்ணைத் துடைத்தாள்; ஒரு கையை ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, கிழவிபோல மெதுவாக எழுந்தாள். அவள் எழுந்த விதம் இரண்டு நாளும் ஹீனாவை விடவில்லை. மூட்டு வலியால் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவள் ஹீனா. தொழுகையிலும் அதுவேதான் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை தமிழ்மணியின் அம்மா கோவிந்தம்மாள், தக்காளி பறிக்கிற வேலையை விட்டுவிட்டு மகளோடு வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று ஹீனா எழுந்து நின்றாள்.

"புள்ள உங்கள கிண்டல் பண்ணலீங்க டீச்சர். அவளுக்குக் குனிய வர்றதே அவ்ளோதானுங்க."

மகளின் முட்டி இரண்டும் உள்பக்கமாக வளைந்து முதுகும் விறைத்துப்போவதை ஆஸ்பத்திரியில் காட்டியதையும், போர்வெல் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடால் வந்தது, தண்ணீரை மாற்றினால் இதற்குமேல் முற்றாது என்று அங்கே சொன்னதையும் பதறாமல் சொன்னாள். ஊரில் ஆற்றுத் தண்ணீர் குழாய் உண்டு. ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வயற்காட்டுக்குள் இருக்கும் அவர்கள் கொட்டாய் வீடு வரைக்கும் அது வரவில்லை. பேசும்போது கோவிந்தம்மாளின் பற்களிலும் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. அந்தக் கோடுகளை ஹீனா இருபது வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் பார்த்திருக்கிறாள். ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று திட்டியும் இருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்தாள். சிறுமியிடம், "வலிச்சுதா கண்ணு?" என்று கேட்க மட்டுமே முடிந்தது.

"கொஞ்சந்தான் டீச்சர்."

அன்று சாயங்காலம் ஒவ்வொரு பெயராக ஏற்றினாள். தமிழ்மணியின் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. பூச்சியம் போட்டாள். திறந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹீனா கைப்பிடி வைத்த இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கி வந்தாள். பள்ளியின் ஆற்றுத் தண்ணீர்க் குழாயில் நிரப்பினாள். கைப்பிடிக்குள் கம்பு நுழைத்து, இரண்டிரண்டு பேராக மாற்றி மாற்றித் தூக்கச் சொல்லி, வகுப்பையே காட்டு வழியில் கிளப்பினாள். எங்கே போகிறீர்கள் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணப்பன் கேட்டார்.

"உடற்பயிற்சி பீரியடுங்க சார்" என்றாள்.

பிள்ளைகள் முன்னால் போய்விட்டார்கள். ஹீனாவும் தமிழ்மணியும் ஒரே வேகத்தில் பின்னால் நடந்தார்கள். தினமும் இப்படி முடியாது என்பது பாதி வழியிலேயே ஹீனாவின் முட்டிக்குத் தெரிந்துவிட்டது. வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கொட்டாயை அடைந்தபோது எல்லாருக்கும் வேர்த்திருந்தது. கோவிந்தம்மாள் கேனைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய்ச் சொம்பை எடுத்து வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல குடிங்க டீச்சர்."

மூலையில் போர்வெல் தண்ணீர்க் குடம் மூடியே இருந்தது. கோவிந்தம்மாள் கேனைத் திறந்தாள். வேண்டாம் என்று ஹீனா சொல்லியிருக்கலாம்; தாகம் விடவில்லை. வாங்கிக் குடித்தாள். அதற்குள் இருபத்தோரு பிள்ளைகளும் சொம்புக்காக முண்டினார்கள். தமிழ்மணி இரண்டு கையாலும் கேனின் அடியைத் தூக்கிப் பிடித்தாள். தண்ணீர் குறையக் குறைய, ஒவ்வொரு சொம்புக்கும் அது இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.