துர்முஷ் சொன்னது

தகப்பன் துர்முஷின் பாதத்தில் ஒட்டியிருந்த துணியை வெந்நீர் விட்டு ஊறவைத்து நெபிசே பிரித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு எமினே தயிர்க்கஞ்சி கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்து, "திறந்துதான் இருக்கு, வாங்க" என்றாள்.

குனிந்து உள்ளே வந்தவர் சுல்தானின் முதல் மந்திரி, பெரிய வசீர் சுங்குர் பாஷா. காவலர்களைப் படகுத்துறையிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக வந்திருந்தார். உஸ்குதார் ஊரில் அவரை அறியாதவர் இல்லை. சுல்தான் அரண்மனைக்குள் வேட்டைப் பருந்துகளுக்கு இறைச்சி ஊட்டிக்கொண்டிருக்க, போரை முடித்ததும் ரொட்டி விலையை இறக்கியதும் இவர்தான். நெபிசே எழுந்திருக்கவில்லை. துணி பாதி பிரிந்திருந்தது. நாற்றத்துக்கு பாஷா முகம் சுளிக்கவும் இல்லை.

போன மாதம் பனிமூட்டத்தில் துர்முஷின் படகு சுல்தானின் படகை உரசிவிட்டது. "கிழவன், விட்டுடுங்க" என்றுதான் சுல்தான் முதலில் சொன்னார். பருந்துக்காரர்களின் தலைவன் அவர் காதில் ஏதோ ஓதினான். "அப்ப சரி, அடிங்க" என்றார். அவர் அப்படித்தான், கடைசியாகப் பேசியவன் பேச்சைக் கேட்பவர். துர்முஷின் உள்ளங்கால்கள் கிழிந்து தொங்கும்வரை அடித்தார்கள். புண் அழுகிய கறுப்பு இப்போது முழங்காலுக்கு ஏறிவிட்டது.

"நான் எல்லையில இருந்தேன். ஊர்ல இருந்திருந்தா இது நடந்திருக்காது, மகளே."

"நீங்க இல்லையே."

பாஷா தரையிலேயே உட்கார்ந்தார். "சுல்தானோட பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரே மகன். இவர் விட்ட சாபம்தான்னு அவர் மனசுல விழுந்துடுச்சு. மன்னிச்சேன்னு இவர் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வரச் சொன்னார்."

"அவருக்கு வரத் தெரியாதா?"

"பயம்" என்றார் பாஷா, சாதாரணமாக.

துர்முஷுக்குக் குரல் போய்விட்டிருந்தது. காதை உதட்டில் வைத்தால்தான் சொல் கேட்கும். பாஷா குனிந்து ஏதோ கேட்டார், காத்திருந்தார், நிமிர்ந்தார்.

"எனக்கு விளங்கல. நீ கேட்டுச் சொல்லு."

நெபிசே குனிந்தாள். "பாபா, சுல்தான் ஆள் அனுப்பியிருக்கார். அவர் பிள்ளைக்கு உடம்பு சரியில்லையாம். நீங்க மன்னிக்கணுமாம்."

கிழவரின் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. "மன்னிச்சாச்சும்மா. பிள்ளை நல்லா இருக்கட்டும்."

அடித்தவனைப் பற்றிக்கூட, 'பாவம், அவனுக்கும் கை வலிச்சிருக்கும்' என்று சொன்ன மனிதர். இந்தக் குணத்துக்காகவே அவர்மேல் அவளுக்கு எரிச்சல் உண்டு. சொல் முடிந்த பிறகும் அவள் குனிந்தபடியே இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அந்தக் கால்கள் தெரிந்தன.

நிமிர்ந்து, "மன்னிக்கலையாம்" என்றாள்.

பாஷா அவளையே பார்த்தார்.

"மறுமையில பிடிச்சுக்கறேன்னு சொல்றார். அவரையும், அவர் வாரிசையும்."

"மன்னிச்சுட்டார்னு நானே போய்ச் சொல்லிடலாம்."

"சொல்லுங்க. உங்களை யாரு கேக்கப் போறா."

பாஷா தாடியை நீவிக்கொண்டார். "வேணாம். நீ சொன்னதையே சொல்றேன். இனிமே என்னைக் கேக்காம யாரையும் அடிக்கச் சொல்ல அவருக்கு நாக்கு எழாது. அந்தப் பருந்துக்காரனும் இருக்கமாட்டான்." எழுந்தார். "உனக்கு இது போதுமா?"

"போதாது."

"எனக்குப் போதும்." வாசலில் குனிந்தவர் திரும்பினார். "நான் குனிஞ்சப்ப 'நல்லா இருக்கட்டும்'னு மட்டும் என் காதுலயும் விழுந்தது, மகளே. பரவாயில்ல."

பருந்துக்காரனின் தலையை அரண்மனை வாசலில் வைத்ததும், குழந்தை காய்ச்சல் தணிந்து எழுந்ததும், அப்படியும் சுல்தான் விளக்கை அணைக்க விடாமல் தூங்கப் பழகியதும் பிறகு நடந்தவை. அன்று பகலில் நெபிசே மிச்சத் துணியைப் பிரித்தாள், புண்ணைக் கழுவினாள், புதுத் துணி சுற்றினாள். துர்முஷின் விரல் அவள் முக்காட்டைத் தொட்டது. காதைக் கொண்டுபோனாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன், பாபா."

அவர் முகம் தெளிந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைப்பு கேட்கும் முன்பே மூச்சு நின்றுவிட்டது.

எமினே கஞ்சிச் சட்டியோடு வந்தபோது நெபிசே அவர் கண்களை மூடிவிட்டிருந்தாள். வாய்தான் திறந்து கிடந்தது. வெள்ளைத் துணியில் ஒரு நீளம் கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். முடிச்சு இளகி, உதடுகள் மறுபடி பிரிந்தன. அவிழ்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினாள்.

"இவ்வளவு இறுக்காதடி. கன்னம் பதியுது பார்" என்றாள் எமினே.

நெபிசே அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.